மறுநாள் காலையும் ஓட வேண்டும்: பல நாள் நெடுந்தூர ஓட்டத்துக்கான பயிற்சி

பல நாள் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் அதைச் சற்று நீண்ட மாரத்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். பயிற்சியில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. மாரத்தான் ஓடுபவர் இறுதிக் கோட்டைத் தொட்டதும் உட்கார்ந்துவிடலாம். மறுநாள் படியிறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அவர் ஓடிய ஓட்டம் ஓடியதுதான். பல நாள் ஓட்டத்திலோ அந்த மறுநாள் காலையில்தான் போட்டியே தொடங்குகிறது. வீங்கிய பாதங்களைக் காலணிக்குள் நுழைத்து, இறுகிப்போன தொடைகளோடு, நேற்று ஓடிய தூரத்தை இன்றும் ஓட வேண்டும், நாளையும் ஓட வேண்டும். ஆகவே ஓடிக் களைத்த உடலை ஒரே இரவுக்குள் எந்த அளவுக்குத் தேற்றி மறுபடியும் ஓடவைக்க முடியும் என்பதையே இங்கே பழக வேண்டியிருக்கிறது. வேகம், தூரம், உணவு, பாதப் பராமரிப்பு என்று கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியை முன்வைத்தே பார்க்க வேண்டும்.

இந்த வகை ஓட்டம் புதியதன்று. 1870களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆறு நாள் போட்டிகள் மூடிய அரங்குகளுக்குள் பெருங்கூட்டத்தின் முன்னிலையில் நடந்தன. 1874இல் எட்வர்ட் பேசன் வெஸ்டன் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரில் ஆறு நாளுக்குள் 500 மைலைக் கடந்தார். 1888இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜார்ஜ் லிட்டில்வுட் 623 மைலுக்கு மேல், அதாவது ஆயிரம் கிலோமீட்டரைச் சற்றே தாண்டிச் சென்றார். அந்தத் தூரத்தை மிஞ்சுவதற்கு 1984இல் கிரேக்க வீரர் யானிஸ் கூரோஸ் வரவேண்டியிருந்தது. முன்னோடியான வெஸ்டன் புகழ்பெற்றது ஓட்டத்தால் அல்ல, நடையால் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போட்டியைப் படியுங்கள்

பல நாள் ஓட்டம் என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல வகைகள் இருக்கின்றன. மொராக்கோ பாலைவனத்தில் 1986 முதல் நடந்துவரும் மாரத்தான் தே சாப்ல் போட்டியில், ஏறத்தாழ 250 கிலோமீட்டரைப் பல கட்டங்களாகப் பிரித்து ஓடுகிறார்கள். உணவையும் படுக்கையையும் முதுகுப்பையில் சுமந்துகொண்டே ஓட வேண்டும். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் டிரான்ஸ்ஆல்பைன் ஓட்டத்தில் பெரிய சுமை இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நெடிய ஏற்றமும் அதைவிடக் கொடிய இறக்கமும் உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் நடக்கும் 3100 மைல் ஓட்டத்திலோ 883 மீட்டர் நீளமுள்ள ஒரே தெருச் சுற்றை 52 நாட்களுக்குள் 5649 முறை சுற்றி முடிக்க வேண்டும். முதலாவதற்குச் சுமையும் வெப்பமும் மணலும் முதன்மை. இரண்டாவதற்குத் தொடைத் தசை. மூன்றாவதற்குக் கான்கிரீட் நடைபாதையின் மாறாத அதிர்ச்சியைத் தாங்கும் பாதமும் சலிக்காத மனமும்.

எனவே பயிற்சி அட்டவணை எழுத உட்காரும் முன், உங்கள் போட்டியின் விதிகளிலிருந்து ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு நாளின் தூரம், மொத்த ஏற்றமும் இறக்கமும், தரையின் தன்மை, எதிர்பார்க்கப்படும் வெப்பநிலை, ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ள கால வரம்பு, நீங்களே சுமக்க வேண்டிய பொருட்கள், மிக நீண்ட கட்டம் எத்தனையாவது நாளில் வருகிறது என்பது. தூரத்தைக் கால வரம்பால் வகுத்துப் பாருங்கள். பல போட்டிகளில் விடை வேகமான நடையைவிடச் சிறிதே கூடுதலாக இருப்பதைக் கண்டு வியப்பீர்கள். அந்த ஒரு கணக்கு வீண் பதற்றத்தில் பாதியைப் போக்கிவிடும்.

இதயம், சிறுநீரகம், நீரிழிவு, இரத்த அழுத்தம் தொடர்பான குறை எதுவும் உள்ளவர்களும், நடுவயதைக் கடந்தவர்களும் அட்டவணைக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதை ஒரு சடங்காகக் கருதக் கூடாது.

இருபத்து நான்கு வாரங்கள்

ஓர் ஆண்டாகத் தொடர்ந்து ஓடிவருபவராகவும், வாரத்துக்கு 50 கிலோமீட்டர் அளவில் வலியின்றி ஓடக்கூடியவராகவும் இருந்தால், ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் என்ற போட்டிக்கு 24 வாரப் பயிற்சி போதுமானது. அந்த அடித்தளம் இல்லாதவர்கள் முதலில் அதைக் கட்டிக்கொண்டு பிறகு வருவதே நல்லது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், ஆனால் எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதங்கள் ஆகும், அவற்றை அவசரப்படுத்த வழி கிடையாது.

முதல் பத்து வாரங்கள் அடித்தளத்துக்குரியவை. வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுங்கள். அவற்றில் நான்கு நாள், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகத்திலேயே ஓடுங்கள். ஒரு நாள் மட்டும் ஏற்றத்திலோ சமதளத்திலோ சற்று வேகமாக ஓடலாம். மூன்று வாரம் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். இந்தக் குறைக்கும் வாரத்தில்தான் உடல் முந்தைய மூன்று வாரத்தின் உழைப்பை உள்வாங்கிக்கொள்கிறது. நன்றாக உணர்கிறோமே என்று அதைத் தவிர்ப்பவர்களே பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதை நான் மறுபடியும் மறுபடியும் பார்த்திருக்கிறேன்.

பதினோராம் வாரத்திலிருந்து பயிற்சியின் மையம் மாறுகிறது. மாரத்தான் பயிற்சியில் வார இறுதியின் ஒரே நீண்ட ஓட்டம் வகிக்கும் இடத்தை, இங்கே அடுத்தடுத்த நாள் ஓட்டங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஓடி அடுத்த நான்கு நாள் நொண்டுவதைவிட, சனிக்கிழமை மூன்று மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரமும் ஓடுவது பல மடங்கு பயன் தரும். ஏனெனில் இரண்டாம் நாளின் முதல் அரை மணி நேரத்தில் உங்கள் உடல் எழுப்பும் எதிர்ப்பும், அது மெல்ல அடங்கும் விதமும் வேறெந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ள முடியாதவை. முதல் இரண்டு கிலோமீட்டரை வைத்து அந்த நாளை எடைபோடாதீர்கள் என்று இதற்கு நான் விதியே வைத்திருக்கிறேன். நடையில் தொடங்கி, மெல்ல ஓட்டமாக்கி, ஐந்தாவது கிலோமீட்டருக்குப் பிறகும் உடல் மறுத்தால்தான் அன்றைய ஓட்டத்தைச் சுருக்க வேண்டும்.

பதினாறாவது வாரத்திலும் இருபதாவது வாரத்திலும் மூன்று நாள் தொடர் ஓட்டம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்குப் போட்டித் தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போதும். நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டில் அது 25 முதல் 30 கிலோமீட்டர் ஆகும். அந்த வாரத்தின் மொத்தத் தூரம் 100 முதல் 110 கிலோமீட்டர் வரை போகலாம். போட்டியின் 200 கிலோமீட்டரையும் பயிற்சியிலேயே ஒருமுறை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதைச் செய்ய வேண்டாம். அது உடலைச் சோதிக்குமே தவிர வளர்க்காது.

இந்த மூன்று நாட்களையும் அளப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. மூன்று நாளும் ஒரே பாதையில் 10 கிலோமீட்டர் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரே அளவு முயற்சியில், இதயத்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் ஒரே துடிப்பளவில் ஓடி, நேரத்தைக் குறித்துவையுங்கள். மூன்றாம் நாளின் நேரம் முதல் நாளைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தால், முதல் நாள் வேகமாக ஓடிவிட்டீர்கள், அல்லது போதுமான அளவு சாப்பிடவில்லை, அல்லது தூங்கவில்லை என்று பொருள். பத்தில் ஒன்று என்பது என் அனுபவத்தில் வைத்துக்கொண்ட அளவு. உங்களுக்கு அது சற்று முன்பின்னாக இருக்கலாம். பதினாறாம் வாரத்து இடைவெளி இருபதாம் வாரத்தில் சுருங்கியிருந்தால், பயிற்சி தன் வேலையைச் செய்கிறது என்று நம்பலாம். மொத்தக் கிலோமீட்டர் எண்ணைவிட இந்த இடைவெளியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இறக்கமும் நடையும்

தொடைத் தசையைச் சேதப்படுத்துவதில் ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே பங்கு அதிகம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே சுருங்க வேண்டியிருப்பதால் அதன் நுண்ணிழைகள் காயமடைகின்றன. அந்த வலி உடனே தெரிவதில்லை, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை எட்டுகிறது. முதல் நாள் இறக்கத்தில் உற்சாகமாகப் பாய்ந்து வந்தவர்கள் அதற்கான கடனை இரண்டாம், மூன்றாம் நாட்களில் கட்டுவது இதனால்தான். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இறக்கத்தில் காயப்பட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்துவிடும். ஆகவே பன்னிரண்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை இறக்கப் பயிற்சி செய்யுங்கள். முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, முப்பது என்று கூட்டுங்கள். குன்று இல்லாதவர்களுக்கு மாடிப்படி இருக்கிறது. கடைசிக் கடினமான இறக்கம் போட்டிக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் முன்பாக அமையட்டும். கூடவே வாரம் இருமுறை அரை மணி நேரம், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது, படியில் ஏறி மெதுவாக இறங்குவது, குந்தி எழுவது ஆகிய பயிற்சிகள் போதும்.

இனி நடை. வெஸ்டனை நினைவுகொள்ளச் சொன்னது இதற்காகத்தான். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு நடப்பது தோல்வியின் அடையாளமாகத் தோன்றுவது பெரும் கேடு. ஒரு கணக்கைப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் இடைவிடாமல் ஓடினால் 40 கிலோமீட்டருக்கு 4 மணி 40 நிமிடம் ஆகும். அதே வேகத்தில் 25 நிமிடம் ஓடி, 5 நிமிடம் கிலோமீட்டருக்கு 10 நிமிட வேகத்தில் நடந்து, இதையே திரும்பத் திரும்பச் செய்தால் ஏறத்தாழ 4 மணி 55 நிமிடம் ஆகும். இழப்பு கால் மணி நேரம். ஈட்டுவதோ மறுநாளுக்கு மிஞ்சும் கால்கள். உண்பதற்கும் குடிப்பதற்கும் அந்த ஐந்து நிமிடங்கள் இயல்பாகவே அமைந்துவிடும். ஆனால் இந்த நடையைக் களைத்த பிறகு தொடங்கினால் பயனில்லை, முதல் அரை மணி நேரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். மேலும், கிலோமீட்டருக்கு 10 நிமிடம் என்பது உலாவும் நடையன்று. கைகளை வீசி, இடுப்பிலிருந்து நடக்கும் வேக நடை. அதை வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் தனியாகப் பழகினால்தான் வரும்.

சுமை

பொருட்களைச் சுமக்க வேண்டிய போட்டியாக இருந்தால், பத்தாவது வாரத்திலிருந்து 2 கிலோவுடன் தொடங்கி, போட்டி எடைவரை மெல்லக் கூட்டுங்கள். வாரத்துக்கு இரண்டு ஓட்டங்களுக்கு மேல் சுமையோடு வேண்டாம். மாரத்தான் தே சாப்ல் விதிகள் தண்ணீர் நீங்கலாக முதுகுப்பையின் எடையை 6.5 கிலோவுக்கும் 15 கிலோவுக்கும் இடையில் வரையறுத்து, நாளொன்றுக்குக் குறைந்தது 2000 கலோரி உணவையும் கட்டாயமாக்கியிருந்தன. கீழ் எல்லையை ஒட்டி நிற்பதே அறிவுடைமை. நூறு கிராமுக்கு 500 கலோரி தரும் உணவைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாளுக்கு 400 கிராமில் முடிந்துவிடும். நூறு கிராமுக்கு 350 கலோரி தரும் உணவென்றால் அதே சக்திக்கு 570 கிராம் சுமக்க வேண்டும், ஏழு நாளில் அது ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம். பை உராயும் இடங்களான தோளெலும்பு, கீழ்முதுகு, அக்குள் ஆகியவற்றைப் பயிற்சியிலேயே கண்டுபிடித்து ஒட்டுப் பட்டையோ களிம்போ போட்டுப் பழகிவிடுங்கள்.

உண்பதும் ஒரு பயிற்சி

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 40 கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 2400 கலோரி செலவழிக்கிறார். உடல் சும்மா இருப்பதற்கே தேவையானது இதற்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்துள்ள மாவுச்சத்தோ ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2000 கலோரி அளவே. நன்றாகத் தீர்ந்துபோன இந்தச் சேமிப்பு முழுமையாக நிரம்ப, நிறைய மாவுச்சத்து உண்டாலும் ஒரு நாள் முழுவதும் பிடிக்கும். போட்டியில் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே கிடைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எனவே ஒவ்வொரு காலையும் முந்தைய நாளைவிடச் சற்றுக் குறைந்த கொள்ளளவுடனேயே புறப்படுகிறோம். அந்தக் குறைவைச் சிறியதாக வைத்திருப்பதுதான் உணவின் வேலை.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஓடும்போதே மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்தை உட்கொள்வது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த உணவாக இருந்தால் குடல் 90 கிராம் வரைகூட ஏற்கும், ஆனால் பழகாத வயிறு அதைத் தாங்காது. வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டத்தில் சிறிது சிறிதாகக் கூட்டிக் குடலைப் பழக்க வேண்டும். மற்றொன்று, ஓட்டம் முடிந்ததும் தாமதமின்றி உண்பது. முதல் நான்கு மணி நேரத்தில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்பது நல்ல இலக்கு. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 60 கிராம். முதல் வேளையில் 20 முதல் 25 கிராம் புரதமும் சேரட்டும். களைப்பில் பசி இராது, குமட்டல்கூட இருக்கும். பசியை எதிர்பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து உண்ணுங்கள்.

சுவை பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் அமிர்தமாக இருந்த இனிப்புப் பொருள் மூன்றாம் நாள் தொண்டையில் இறங்க மறுக்கும். உப்புச் சுவை, புளிப்பு, மொறுமொறுப்பானவை, மென்மையானவை என்று கலந்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த உணவையும் மூன்று நாள் தொடர் ஓட்டத்தின் மூன்றாம் நாள் மாலையில் உண்டு பார்க்காமல் போட்டிக்கு எடுத்துச்செல்லக் கூடாது என்பதை நான் உறுதியாகக் கடைப்பிடிக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் அளவுக்கு மீறிய அச்சமே அதிகம் தீங்கு செய்கிறது. தாகத்துக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இறுதிக் கோட்டில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினரின் சோடியம் இயல்பு அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அந்த வாய்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது. தாகத்துக்குக் குடியுங்கள், உணவில் உப்பு இருக்கட்டும். பயிற்சியில் ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்துப் பழகுங்கள்: சிறிது குறைவது இயல்பு, கூடினால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

வலி நிவாரணி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு ஓடும் பழக்கம் இந்த வகைப் போட்டிகளில் பரவலாக இருப்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. ஐபுப்ரோஃபென் வகை மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வெப்பத்தாலும் நீரிழப்பாலும், சேதமடைந்த தசையிலிருந்து கசியும் புரதத்தாலும் ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்துக்கு அது மேலும் ஒரு அடி. சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் வந்தால், அல்லது நீண்ட நேரமாக வராமலே இருந்தால், ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வெப்பம்

வெப்பமான இடத்தில் போட்டி என்றால், கடைசி 10 முதல் 14 நாட்கள், நாள்தோறும் 60 முதல் 90 நிமிடம் வெப்பத்தில் மெதுவாக உழைத்துப் பழக வேண்டும். இரத்த நீரின் அளவு கூடும். வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்கும். வியர்வையில் வெளியேறும் உப்பும் குறையும். இந்தப் பழக்கம் சில வாரங்களில் கலைந்துவிடும் என்பதால் மிக முன்னதாகச் செய்து பயனில்லை. தலைசுற்றல், குளிர் நடுக்கம், மனக்குழப்பம் எது வந்தாலும் அன்றைய பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டு உடலைக் குளிர்விக்க வேண்டும்.

பாதங்கள்

என் முதல் பல நாள் ஓட்டத்தில் மூச்சும் தசையும் என்னைக் கைவிடவில்லை, வலது குதிகாலில் இருந்த ஒரு கொப்புளம்தான் கைவிட்டது. முதல் நாள் இருபதாவது கிலோமீட்டரில் அந்த இடம் சூடாவதை உணர்ந்தேன். இன்னும் கொஞ்ச தூரந்தானே என்று நிற்காமல் ஓடினேன். மாலையில் அது ஒரு பெரிய நாணய அளவுக்கு வளர்ந்திருந்தது. அதைக் காப்பதற்காக நடையை மாற்றிக்கொண்டதால் மறுநாள் இடது முழங்கால் வலித்தது, அதைக் காக்கப்போய் மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நின்று ஒட்டுப் பட்டை போட்டிருந்தால் இரண்டு நிமிடம் செலவாகியிருக்கும். அன்றிலிருந்து பாதங்களுக்குச் செலவிடும் நேரத்தை நான் எதற்காகவும் குறைப்பதில்லை.

கொப்புளம் மேற்தோல் தேய்வதால் மட்டும் வருவதன்று. எலும்பு ஒரு பக்கமும், காலுறையோடு ஒட்டிய தோல் மறுபக்கமும் மீண்டும் மீண்டும் இழுபடும்போது தோலின் அடுக்குகள் உள்ளேயே பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. ஈரம் இழுவையைக் கூட்டுகிறது. மணல் அதைவிடக் கூட்டுகிறது. பாதம் பல நாள் ஓட்டத்தில் நீளத்திலும் அகலத்திலும் வீங்குவதால், வழக்கமான அளவைவிட அரை அளவு முதல் ஓர் அளவு பெரிய காலணி தேவைப்படலாம். மாலையில், நீண்ட ஓட்டத்துக்குப் பின் வீங்கிய பாதத்தோடு அதைப் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். மிகப் பெரிதாக வாங்கினால் பாதம் உள்ளே வழுக்கி அதே கொப்புளத்தைத் தரும். மணற்பாங்கான போட்டிகளுக்குக் காலணியின் மேல் மூடும் துணியுறை வேண்டும். போட்டிக் காலணியில் குறைந்தது 100 கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும்.

கால் நகங்களைப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பே நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் தேய்த்துவிடுங்கள். உங்களுக்குக் கொப்புளம் வரும் இடங்கள் பயிற்சியில் தெரிந்திருக்கும். அங்கே காலையிலேயே, உலர்ந்த தோலில், சுருக்கமில்லாமல் பட்டை ஒட்டிவிடுங்கள். ஓடும்போது எந்த இடமாவது சூடாவதாகத் தோன்றினால் அந்த நொடியே நிற்க வேண்டும். கொப்புளம் வந்தேவிட்டால், தொற்று நீக்கிய ஊசியால் அதன் கீழ் ஓரத்தில் இரண்டு சிறு துளையிட்டு நீரை மெல்ல வெளியேற்றி, மேல்தோலைப் பிய்க்காமல், தொற்றுநீக்கி தடவி மூடிவையுங்கள். இரத்தம் நிறைந்த கொப்புளத்தை நீங்களாகக் குத்தாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் மருத்துவக் குழுவிடமே காட்ட வேண்டும்.

பாதத்துக்கு அடுத்து, கணுக்காலுக்கு மேல் முன்பக்கம் ஓடும் தசைநாண். பல நாள் ஓட்டக்காரர்களை நிறுத்தும் வலிகளில் இது முக்கியமானது. காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டினால் வீங்கும் பாதத்தின் மேல் அது அழுந்தி வீக்கம் உண்டாகிறது. நாளின் நடுவே இரண்டு முறையாவது கயிற்றைத் தளர்த்திக் கட்டும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே கொண்டுவாருங்கள்.

மாலை வேலைகள்

இறுதிக் கோட்டுக்கும் உறக்கத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒரு மாறாத வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் உணவும் நீரும், பிறகு காலணியைக் கழற்றிப் பாதங்களைக் கழுவி உலர்த்திச் சோதிப்பது, உலர்ந்த உடை, கால்களை உயர்த்திக்கொண்டு கால் மணி நேரம் படுப்பது, மறுநாள் பையை அடுக்குவது, இரண்டாவது உணவு, உறக்கம். களைத்த மூளைக்கு முடிவெடுக்கும் வேலையைத் தரக் கூடாது. மூன்று நாள் தொடர் ஓட்டங்களின்போது இதே வரிசையை வீட்டிலும் கடைப்பிடியுங்கள். கூடாரத்தில் தங்கும் போட்டியென்றால், அந்த இரவுகளில் தரையில், போட்டிக்கு எடுத்துச்செல்லும் விரிப்பிலேயே படுத்துப் பழகுங்கள். முதல் இரவு உறக்கம் வராமற்போனால் பதற வேண்டாம், கண்ணை மூடிப் படுத்திருப்பதும் ஓய்வுதான்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நாள்தோறும் காலையில் எழுந்தவுடன் இதயத்துடிப்பு, உறக்கம், பசி, மனநிலை ஆகியவற்றை ஒரு வரியில் குறித்துவையுங்கள். ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிடச் சில நாட்கள் தொடர்ந்து உயர்ந்தே இருப்பது, காரணமில்லாத எரிச்சல், உறக்கமின்மை எல்லாம் சேர்ந்து வந்தால் பயிற்சியைக் குறையுங்கள். தசைவலி பரவலாக இருக்கும், சூடேறியதும் குறையும். எலும்பு வலியோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் இருக்கும், ஓட ஓடக் கூடும். இரண்டாவது வகை வலியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓடக் கூடாது. பெண்களுக்குப் பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோனால், உண்ணும் உணவு உழைப்புக்குப் போதவில்லை என்பதற்கான தெளிவான எச்சரிக்கை அது. எலும்பு வலுவிழக்கும் முன் உணவைக் கூட்டி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடைசி வாரங்களும் முதல் நாளும்

இருபத்தொன்றாம் வாரம் தேறுவதற்கு. இருபத்திரண்டாம் வாரத்திலிருந்து தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பாதியளவுக்கும் கீழே கொண்டுவாருங்கள். ஓடும் நாட்களின் எண்ணிக்கையையும் சிறு வேக ஓட்டங்களையும் அப்படியே விட்டுவிடலாம். கடைசி வாரத்தில் எதையும் புதிதாக முயன்று பார்க்க வேண்டாம்.

போட்டியின் முதல் நாள் காலையில் உங்களைக் கடந்து பலர் போவார்கள். ஓய்வெடுத்த கால்களுக்கு எந்த வேகமும் எளிதாகத்தான் தோன்றும். பயிற்சியின் மூன்றாம் நாளில் குறித்துவைத்த வேகம் எதுவோ, அதுவே உங்கள் முதல் நாள் வேகம். இருபத்தைந்தாவது நிமிடத்தில் நடக்கத் தொடங்குங்கள். மிக நீண்ட கட்டம் நான்காவது நாளில் வருவதாக இருந்தால், அதற்கு முந்தைய மாலையில் உணவை ஒரு பங்கு கூட்டிக்கொள்ளும்படி உங்கள் பையை முன்பே பிரித்து வைத்திருக்க வேண்டும்.

போட்டி முடிந்தபின் பாதங்கள் சில நாட்கள் வீங்கியே இருக்கும். விரல் நுனிகளில் சில வாரங்கள் மரத்த உணர்வு நீடிக்கலாம். இரண்டு வாரம் ஓடாமல் நடையோடும் நீச்சலோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அரை மணி நேர ஓட்டத்தில் தொடங்கி, பயிற்சியின் முதல் வாரத்துத் தூரத்தை எட்டுவதற்கு ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஓட்டங்களின் நேரங்களையும், பட்டை ஒட்டிய இடங்களையும், மூன்றாம் நாள் இறங்கிய உணவுகளின் பட்டியலையும் நினைவு மங்கும் முன் எழுதி வைத்துவிடுங்கள்.